குடுவை கலங்கினால் எங்கே பார்ப்பது? கரிம உலோகச் சேர்மங்களின் கரைதிறன் கோளாறுகள், அறிகுறி வாரியாக

நேற்று வரை கண்ணாடி போல இருந்த கரைசல் இன்று பால் கலந்த மாதிரி நிற்கிறது. அல்லது நூறு மில்லிகிராம் ஆரஞ்சுப் பொடி, ஐந்து மில்லி டொலுயீனில் அரை மணி நேரம் சுழன்ற பிறகும் அடியிலேயே கிடக்கிறது. இப்படி ஆனதும் கை தானாக அலமாரியில் இருக்கும் அடுத்த கரைப்பானுக்குப் போகும். அந்தக் கையை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண கரிமச் சேர்மங்களுக்கு "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்ற விதி பெரும்பாலும் போதும். கார்பனோடு உலோகம் நேரடியாகப் பிணைந்த கரிம உலோகச் சேர்மங்களுக்குப் போதாது. ஈதர் தன் ஆக்சிஜனில் உள்ள எலக்ட்ரான் இணையை மக்னீசியத்துக்கோ லித்தியத்துக்கோ கொடுத்து அதனோடு பிணைந்துகொள்கிறது. பிணைந்த பிறகு அது வெறும் கரைப்பான் அல்ல, சேர்மத்தின் ஒரு லிகண்ட், அதாவது உலோகத்தோடு பிணைந்து நிற்கும் கூட்டாளி. அதனால் கரைப்பானை மாற்றும்போது பல சமயம் சேர்மத்தையே மாற்றிவிடுகிறோம். கரையவில்லை, கரைந்தது, கரைந்து வேறாகிவிட்டது: இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கோளாறுகள் அங்கேயே தீரும்.

இதற்கு இரண்டு எண்கள் கைவசம் இருக்கட்டும். ஒன்று மின்காப்பு மாறிலி. எதிரெதிர் மின்சுமைகளைப் பிரித்து வைக்க ஒரு திரவம் எவ்வளவு உதவும் என்பதை அது காட்டும். மற்றொன்று வேதியியலாளர் குட்மன் வகுத்த டோனர் எண், எலக்ட்ரான் இணையைக் கொடுக்கும் வலுவின் அளவு. டைஎத்தில் ஈதரின் மின்காப்பு மாறிலி 4.3 மட்டுமே, ஆனால் டோனர் எண் 19.2. டைகுளோரோமீத்தேனுக்கு மின்காப்பு மாறிலி 8.9, கொடுக்கும் திறனோ கிட்டத்தட்ட பூச்சியம். "எது அதிக முனைவுள்ளது" என்று மட்டும் கேட்டால் டைகுளோரோமீத்தேன்தான் ஜெயிக்கும். ஆனால் கிரிக்னார்டை (கரிமக் குழுவும் ஹாலைடும் பிணைந்த மக்னீசியம் வினைபொருள்) கரைத்து வைப்பது ஈதர்தான். டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கு (இனி டிஎச்எஃப்) இந்த எண்கள் 7.6, 20. அசிட்டோநைட்ரைலுக்கு 36க்கு மேல், 14.1. டைமெத்தில் சல்ஃபாக்சைடுக்கு (இனி டிஎம்எஸ்ஓ) 46.7, 29.8. ஹெக்சேனுக்கு மின்காப்பு மாறிலி 1.9, கொடுக்க எதுவும் இல்லை.

சரி, இனி அறிகுறிகளுக்குப் போவோம். எதைச் செய்தாலும் முழுக் குடுவையில் செய்ய வேண்டாம். ஐந்து மில்லிகிராம் எடுத்து, ஆர்கான் நிரப்பிய சின்னக் குப்பியில் செய்து பாருங்கள்.

பொடி கரையவே இல்லை

முதலில் சேர்மத்தின் வடிவத்தை ஒரு தாளில் வரையுங்கள். மின்சுமை உண்டா, உலோகங்களுக்கு நடுவே பாலம் உண்டா, உலோகத்தில் இன்னொரு லிகண்ட் வந்து பிணையக் காலி இடம் உண்டா என்று பாருங்கள்.

மின்சுமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஃபெரோசீன் அழகாகக் காட்டும். இரும்பு அணு இரண்டு ஐந்துகோண வளையங்களுக்கு நடுவே சாண்ட்விச் போல உட்கார்ந்திருக்கிறது. உலோகத்தைச் சுற்றிய எலக்ட்ரான் கணக்கு 18, அது நிரம்பிய நிலை, காலி இடம் கிடையாது, வெளியே தெரிவது முழுக்க ஹைட்ரோகார்பன் தோல். அதனால் பென்சீனில் கரையும், தண்ணீரில் கரையாது. அதிலிருந்து ஒரே ஒரு எலக்ட்ரானை எடுத்துவிட்டால் ஃபெரோசீனியம் ஆகிறது. ஆரஞ்சு போய் நீலம் வருகிறது. ஹெக்சேன் இப்போது அதைத் தொடுவதில்லை, அசிட்டோநைட்ரைல் இழுத்துக்கொள்கிறது. உருவத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, மின்சுமை ஒன்று கூடியதுதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. பழைய ஃபெரோசீன் வழிப்பொருள் ஒன்றை ஹெக்சேனில் கரைக்கும்போது கரையாத நீலப்பச்சைத் துகள் அடியில் தங்கினால், கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

உப்பாக இருந்தால், கரைப்பானைத் தேடுவதைவிட எதிரயனியை (எதிர் மின்சுமையோடு கூடவே இருக்கும் அயனியை) மாற்றுவது சுலபம். குளோரைடு சின்னது, மின்சுமை ஒரே இடத்தில் குவிந்தது, படிகத்தை இறுக்கிப் பிடிக்கும். டெட்ராஃபுளூரோபோரேட், ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் வந்தால் டைகுளோரோமீத்தேன், அசிட்டோன், அசிட்டோநைட்ரைல் பக்கம் கதவு திறக்கும். டிரைஃபுளூரோமெத்தில் குழுக்களைச் சுற்றிலும் மாட்டிய பெரிய அரைல்போரேட், ஆய்வகங்களில் "பார்ஃப்" என்று சொல்வது, நேரயனியை ஈதருக்குள்ளேயே கொண்டுபோய்விடும். அதன் சோடியம் உப்பைக் குளோரைடுச் சேர்மத்தோடு டைகுளோரோமீத்தேனில் கலக்கினால் சோடியம் குளோரைடு வெள்ளையாக இறங்கும். அதை வடிகட்டினால் வேலை முடிந்தது. இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. டெட்ராஃபுளூரோபோரேட்டும் ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட்டும் ஈரத்தில் சிதைந்து ஃபுளூரைடு விடக்கூடியவை. டெட்ராஃபீனைல்போரேட் "சும்மா நிற்கும்" எதிரயனி என்று பெயர் வாங்கியிருந்தாலும், எலக்ட்ரான் பசியுள்ள உலோகம் அதன் பென்சீன் வளையத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு.

மின்சுமையே இல்லாமல், பாலங்களால் கோக்கப்பட்ட பாலிமராக இருந்தால் கதை வேறு. பலேடியம் டைகுளோரைடு சங்கிலி போன்றது. எவ்வளவு டொலுயீன் ஊற்றிச் சூடாக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் கரைவதற்கு அங்கே தனி மூலக்கூறே இல்லை. பாலத்தை உடைக்க ஒரு லிகண்ட் வேண்டும். அசிட்டோநைட்ரைலில் சூடாக்கினால் இரண்டு நைட்ரைல்கள் உலோகத்தைப் பிடித்து, கரையும் தனி மூலக்கூறாக வெளியே எடுத்து வரும். மெத்தில் லித்தியமும் இதே போலத்தான். அதன் டெட்ராமர்கள் (நான்கு நான்காகச் சேர்ந்த கொத்துகள்) ஒன்றோடொன்று மேலும் பிணைந்து முப்பரிமாண வலையாகிவிடுவதால் ஹெக்சேனில் கரையாது, டைஎத்தில் ஈதரில் கரையும். நார்மல் பியூட்டைல் லித்தியத்துக்கு நீண்ட சங்கிலிகள் உலோகக் கொத்தைப் போர்த்திக்கொள்வதால் ஹெக்சேனே போதும்.

சேர்மத்தை வடிவமைக்கும் சுதந்திரமே உங்கள் கையில் இருந்தால், கரைப்பானை விட்டு லிகண்டைப் பாருங்கள். வளையத்தில் ஐந்து மெத்தில்கள், ஓரத்தில் ஒரு டெர்ஷியரி பியூட்டைல், அல்லது டிரைமெத்தில்சிலைல். இவற்றில் ஒன்று சேர்ந்தாலே டொலுயீனில் கரையாதது பென்டேனில் கரையத் தொடங்கலாம். அதற்கும் ஒரு விலை உண்டு, படிகமாக்கும் பகுதியில் சொல்கிறேன்.

கிரிக்னார்டு கலங்கிவிட்டது, அல்லது குளிரில் கெட்டியாகிவிட்டது

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பதில் எப்போதும் ஒன்றல்ல என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிரிக்னார்டு என்று ஒரே மூலக்கூறு பாட்டிலில் கிடையாது. இரண்டு ஆல்கைல்மக்னீசியம் ஹாலைடுகள் தங்களுக்குள் பங்கு மாற்றிக்கொண்டு ஒரு டைஆல்கைல்மக்னீசியமும் ஒரு மக்னீசியம் ஹாலைடுமாக ஆகும், திரும்பவும் பழையபடி சேரும். ஷ்லெங்க் சமநிலை என்பது இதுதான். இந்த நான்கைந்து உருவங்களில் எது குறைவாகக் கரையுமோ அதுதான் முதலில் வெளியே விழும். அது விழுந்தால் சமநிலையும் அந்தப் பக்கம் நகரும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்த டிஎச்எஃப் கரைசலில் வெள்ளைப் படிகங்கள் தெரிந்தால், அது பெரும்பாலும் டிஎச்எஃப் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு படிகமான மக்னீசியம் ஹாலைடோ கிரிக்னார்டோதான். மக்னீசியம் புரோமைடு நான்கு டிஎச்எஃப்களைத் தூக்கிக்கொண்டு படிகமாகும். பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். மந்த வாயுவின் கீழ், அழுத்தம் வெளியேற வழிவிட்டு, வெதுவெதுப்பான நீர்க் குளியலில் மெதுவாகச் சுழற்றுங்கள். முழுவதும் கரைந்த பிறகே அளவெடுங்கள். படிகம் கிடக்கும்போது மேல் திரவத்தை மட்டும் சிரிஞ்சில் எடுத்தால் செறிவு லேபிளில் உள்ளது அல்ல. வினை சரியாக நடக்காததற்குக் காரணம் தேடும்போது எத்தனையோ பேர் இதைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறார்கள்.

சூடாக்கியும் கரையாத, மாவு மாதிரியான வெண்மை என்றால் அது ஹைட்ராக்சைடு அல்லது ஆல்காக்சைடு. ஈரமோ காற்றோ புகுந்துவிட்டது. உறுதிப்படுத்த ஒரு சின்னச் சோதனை: கலங்கலில் ஒரு மில்லி எடுத்து, அதில் இரண்டு மில்லி உலர்ந்த டிஎச்எஃப் சேர்த்து 40 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். தெளிந்தால் அது கரைதிறன் பிரச்சினை. தெளியாவிட்டால் வேதிச் சிதைவு. அதற்கப்புறம் டைட்ரேஷன் செய்து செறிவை அளக்காமல் அந்தப் பாட்டிலை நம்ப வேண்டாம்.

ஈரம் என்றால் எவ்வளவு ஈரம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மில்லி டிஎச்எஃப் சுமார் 89 கிராம். அதில் பத்து லட்சத்தில் நூறு பங்கு தண்ணீர் இருந்தால் 8.9 மில்லிகிராம், அதாவது அரை மில்லிமோல். நீங்கள் ஒரு மில்லிமோல் அளவில் வேலை செய்தால் வினைபொருளில் பாதி அங்கேயே போய்விட்டது. "கரைப்பான் ஓரளவு உலர்ந்ததுதான்" என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் இடமில்லை. 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையை 300 டிகிரியில் வெற்றிடத்தில் சூடாக்கிய பிறகு, கரைப்பானை அதன்மேல் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வையுங்கள்.

ஈதரில் கரைசல் இரண்டு திரவ அடுக்குகளாகப் பிரிந்தால் பதற வேண்டாம். மக்னீசியம் புரோமைடு ஈதருடன் சேர்ந்து, கனமான தனி அடுக்காகக் கீழே இறங்கும் பழக்கம் உடையது. கூடுதல் ஈதரோ கொஞ்சம் டிஎச்எஃபோ ஊற்றினால் ஒன்றாகிவிடும்.

இனி டையாக்சேன். இதைத் தெரியாமல் சேர்த்தவர்கள் குடுவை முழுக்க வெள்ளைக் குழம்பாவதைப் பார்த்துத் திகைப்பார்கள். டையாக்சேனும் ஈதர்தானே, ஏன் கரைக்கவில்லை? அதன் இரண்டு ஆக்சிஜன்களும் வளையத்தின் எதிரெதிர் பக்கம் பார்க்கின்றன. ஒன்று ஒரு மக்னீசியத்தைப் பிடிக்கும், மற்றது அடுத்த மக்னீசியத்தை. சங்கிலி வளர்ந்து, கரையாத பாலிமராக மக்னீசியம் ஹாலைடு முழுவதும் விழுந்துவிடும். டைஆல்கைல்மக்னீசியம் கரைசலில் தங்கும். டைஆல்கைல்மக்னீசியம்தான் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. வேண்டாம் என்றால் அந்த பாட்டிலை மக்னீசியத்தின் பக்கமே கொண்டு வராதீர்கள். அதே வகைக் கரைப்பான், அதே ஈதர் ஆக்சிஜன், அது எந்தத் திசையில் பார்க்கிறது என்பது மட்டும் கரைதிறனைத் தலைகீழாக்குகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

கரைதிறனைக் கூட்ட வேண்டும் என்றால் லித்தியம் குளோரைடு இருக்கிறது. ஐசோபுரொப்பைல்மக்னீசியம் குளோரைடுடன் சம அளவு லித்தியம் குளோரைடு சேர்ந்ததை டர்போ கிரிக்னார்டு என்கிறார்கள். வேதியியலாளர் க்னோஹெலின் குழு 2004இல் அறிமுகப்படுத்தியது. கிரிக்னார்டு கொத்துகளை அது உடைத்து, நன்றாகக் கரையும், வேகமாக வினைபுரியும் உருவமாக்குகிறது. சேர்க்கும் லித்தியம் குளோரைடு வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தப்பட்டிருக்க வேண்டும். அது ஈரத்தைக் கண்டால் விடாது.

பியூட்டைல் லித்தியம்: அடியில் வெள்ளை, அல்லது டிஎச்எஃபில் போட்டதும் பலம் குறைகிறது

ஹெக்சேன் பாட்டிலின் அடியில் மெல்லிய வெண்படிவு பழைய பாட்டில்களில் சகஜம். காற்றும் ஈரமும் தந்த ஹைட்ராக்சைடு, பியூட்டாக்சைடு, மெதுவான சிதைவில் வந்த லித்தியம் ஹைட்ரைடு, எல்லாம் கலந்தது. அடியைக் கலக்காமல் தெளிந்த மேல்பகுதியை எடுத்து, டைஃபீனைல்அசிட்டிக் அமிலத்தை வைத்து டைட்ரேட் செய்யுங்கள். மஞ்சள் நிறம் நிலைத்து நிற்கும் புள்ளிதான் முடிவு.

டிஎச்எஃப் பிரச்சினை இதைவிட முக்கியமானது. ஹெக்சேனில் ஆறு ஆறாகக் கொத்தாக இருக்கும் பியூட்டைல் லித்தியத்தை டிஎச்எஃப் டெட்ராமராகவும் டைமராகவும் (இரண்டிரண்டாகவும்) உடைக்கிறது. அதனால்தான் வேகம் கூடுகிறது. ஆனால் கூடிய வேகத்தில் அது டிஎச்எஃபையே தாக்கும். ஆக்சிஜனுக்குப் பக்கத்துப் புரோட்டானைப் பிடுங்கும், வளையம் பிளந்து எத்திலீனும் அசிட்டால்டிஹைடின் ஈனோலேட்டும் வரும். 20 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். கரைசல் தெளிவாகவே இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தெளிவாக இருக்கும் கோளாறுதான் கலங்கிய கோளாறைவிட ஆபத்தானது. எனவே டிஎச்எஃபில் வேலை என்றால் உலர்பனிக் குளியல். டெர்ஷியரி பியூட்டைல் லித்தியம் இன்னும் மூர்க்கமானது, காற்றில் தானே தீப்பிடிக்கும். டிஎச்எஃபில் அதை வைத்துச் சேமிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இன்னொன்று. நான் ஒருமுறை மெத்தில் லித்தியத்தின் ஈதர் கரைசலை, ஏராளமான ஹெக்சேனில் கரைத்த வினைபொருள் மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் வெண்மேகம் கிளம்பியது. ஈரம் என்று நினைத்து முழு வினையையும் கொட்டிவிட்டு, கரைப்பானை மறுபடி உலர்த்தி, இரண்டு நாள் கழித்து அதையே செய்தேன். அதே மேகம். கொஞ்சம் ஈதர் ஊற்றியதும் கரைந்தது. ஈரம் எதுவும் இல்லை. ஈதர் ஹெக்சேனில் பரவிப் போனதால் மெத்தில் லித்தியத்தைப் பிடித்து வைக்க ஆளில்லை, அவ்வளவுதான். முதல் நாளே ஒரு மில்லி ஈதர் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நன்றாகக் கரைந்தது, ஆனால் நிறம் மாறிவிட்டது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எதிலும் கரையாத ஒரு பொருள் திடீரென்று ஒரு கரைப்பானில் சுலபமாகக் கரைந்தால், மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வர வேண்டும்.

இரண்டு இரும்பும் ஒன்பது கார்பன் மோனாக்சைடும் (கார்பனைல்) சேர்ந்த டைஅயர்ன் நோனாகார்பனைல் இதற்குப் பாடம் மாதிரி. பொன்னிறத் தகடுகள். ஹைட்ரோகார்பன்களில் கரையாது என்றே சொல்லலாம். டிஎச்எஃபில் போட்டால் நிறம் அடர்ந்து கரைகிறது. நடப்பது கரைதல் அல்ல. மூலக்கூறு இரண்டாக உடைந்து, ஒரு பாதி டிஎச்எஃபைப் பிடித்துக்கொண்ட இரும்பு டெட்ராகார்பனைல் ஆகிறது, மற்றது இரும்பு பென்டாகார்பனைல். வினைக்கு அந்த டிஎச்எஃப் உருவம்தான் தேவை என்றால் நல்லது. "கரைத்து வடிகட்டித் தூய்மையாக்கலாம்" என்று நினைத்தால், கரைப்பானை ஆவியாக்கும்போது பழைய சேர்மம் அப்படியே திரும்பும் என்று நம்ப முடியாது. பென்டாகார்பனைல் எளிதில் ஆவியாகும் நச்சு, பம்பு வழியே அறைக்கு வந்துவிடும். இந்த வேலை புகைபோக்கி அடைப்புக்குள்தான்.

இதே போல ருத்தேனியம் அரீன் குளோரைடு டைமர்களின் குளோரைடு பாலத்தை அசிட்டோநைட்ரைல், டிஎம்எஸ்ஓ, பிரிடீன் ஆகியவை உடைக்கும். பிளாட்டினம் சேர்மங்களை உயிரியல் சோதனைக்காக டிஎம்எஸ்ஓவில் கரைத்து வைக்கிறார்கள். அது குளோரைடைத் தள்ளிவிட்டு உலோகத்தில் உட்கார்ந்துகொள்ளும். சிஸ்பிளாட்டினிலேயே இது நன்கு தெரிந்த விஷயம். அப்புறம் அளப்பது எந்தச் சேர்மத்தின் செயல்திறனை?

குளோரின் உள்ள கரைப்பான்கள் எலக்ட்ரான் இணை கொடுக்காதவை என்பதால் பாதுகாப்பானவை என்று நினைத்துவிடக் கூடாது. உலோக ஹைட்ரைடுகள் பல குளோரோஃபார்மில் குளோரைடாக மாறிவிடும். 19 எலக்ட்ரான் கோபால்டோசீன் தன் உபரி எலக்ட்ரானை அவற்றுக்குக் கொடுத்து கோபால்டோசீனியம் உப்பாக விழும். குளோரோஃபார்மில் நிலைநிறுத்தியாக எத்தனால் கலந்திருப்பது வழக்கம், டிஎச்எஃபில் பிஎச்டி என்ற ஃபீனால். இரண்டிலும் அமிலத்தன்மையுள்ள ஹைட்ரஜன் இருக்கிறது. பாட்டிலின் லேபிளில் சிறிய எழுத்தைப் படியுங்கள். சோடியம், பொட்டாசியம் போன்றவற்றைக் குளோரினேற்றிய கரைப்பானுடன் சேர்ப்பது வெடிப்பில் முடியும். அதில் சோதனைக்கே இடமில்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கொஞ்சம் கரைத்து, வெற்றிடத்தில் கரைப்பானை முழுவதும் எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி பழைய கரைப்பானில் போட்டு அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள். கார்பனைல் சேர்மமாக இருந்தால் 1800 முதல் 2100 செ.மீ⁻¹ வரை உள்ள பகுதி உடனே சொல்லிவிடும். முதலில் இருந்த கோடுகளே வந்தால் அது கரைதல். புதிய கோடு வந்தால் வினை.

உப்பு வடிகட்டியைத் தாண்டி வருகிறது

உலோகக் குளோரைடையும் லித்தியம் வினைபொருளையும் டிஎச்எஃபில் சேர்த்தீர்கள், லித்தியம் குளோரைடு விழ வேண்டும். விழவில்லை, அல்லது வடிகட்டிய பின்னும் மங்கல். காரணம் டிஎச்எஃபே. உலர்ந்த டிஎச்எஃபில் லித்தியம் குளோரைடு லிட்டருக்கு அரை மோல் அளவுக்குக் கரையும். டிஎச்எஃபை முழுவதும் எடுத்துவிட்டு டொலுயீனிலோ பென்டேனிலோ மறுபடி கரைத்து, செலைட் (வடிகட்டப் பயன்படும் நுண்துளைப் பொடி) வழியே விடுங்கள். "முழுவதும்" என்பதில் அவசரப்படாதீர்கள். கொஞ்சம் டிஎச்எஃப் தங்கினாலும் அது உப்பைக் கையோடு கூட்டி வரும். ஒரு முறை டொலுயீன் ஊற்றி அதையும் ஆவியாக்கிவிட்டு, பிறகு கரைப்பது நல்ல பழக்கம். நுண்துகள் வடிகட்டியில் நுழைந்தால் ஓர் இரவு அசையாமல் நிறுத்துங்கள், இல்லையென்றால் மையவிலக்கில் சுழற்றுங்கள்.

சில சமயம் உப்பு வெளியே இல்லை, சேர்மத்துக்குள்ளேயே இருக்கும். லாந்தனைடுகளில் பென்டாமெத்தில்சைக்ளோபென்டாடையீனைல் குளோரைடுகள் லித்தியம் குளோரைடைப் பிடித்துக்கொண்டு, டிஎச்எஃப் சுமந்த லித்தியத்துடன் "ஏட்" அணைவாக நிற்கும். எத்தனை முறை வடிகட்டினாலும் போகாது. துகளை எரித்தால் சுடர் சிவக்கிறதா என்று பாருங்கள், லித்தியம் ஒளிந்திருக்க முடியாது. தீர்வு: சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பை வைத்துத் தொகுப்பைத் தொடங்குவது. பொட்டாசியம் குளோரைடு டிஎச்எஃபில் தங்காது.

படிகத்துக்குப் பதில் எண்ணெய் இறங்குகிறது

மேலே சொன்ன விலை இதுதான். டெர்ஷியரி பியூட்டைலும் சிலைலும் மாட்டிய மூலக்கூறு கரைப்பதற்கு இனியது, படிகமாக்கக் கடினமானது. செறிவைக் குறைத்து, வெப்பநிலையை மெதுவாக இறக்குங்கள். டைகுளோரோமீத்தேன் கரைசலின் மேல் ஹெக்சேனைச் சுவர் வழியே அடுக்காக விட்டு, அசைக்காமல் மூன்று நாள் விடுங்கள். டிஎச்எஃப் கரைசலாக இருந்தால் பென்டேன் ஆவி மெதுவாகக் கலக்கட்டும். உப்புகளில் எண்ணெய் வந்தால் பெரும்பாலும் எதிரயனிதான் குற்றவாளி. பார்ஃபைக் கழற்றி ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் போட்டுப் பாருங்கள்.

கறுப்புத் துகள், சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பூச்சு

பலேடியம் லிகண்டை இழந்து உலோகமாகிவிட்டது. இது கரைதிறன் மாதிரித் தெரியும், உண்மையில் நிலைத்தன்மை. காற்று பாஸ்பீனை (உலோகத்தைப் பிடித்து நிற்கும் பாஸ்பரஸ் லிகண்டை) ஆக்சைடாக்கியிருக்கும், அல்லது கரைப்பான் உலோகத்தைத் தாங்கும் அளவுக்குப் பிடிக்கவில்லை. வாயு நீக்கிய கரைப்பான், சற்றுக் கூடுதல் பாஸ்பீன், குறைந்த வெப்பநிலை, இந்த வரிசையில் முயலுங்கள். விழுந்த கறுப்பைத் திரும்பக் கரைக்க நேரம் செலவிட வேண்டாம்.

என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கோடுகள் அகலமாக வருகின்றன

குழாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மிதக்கும் துகள் இருந்தால் கண்ணாடி இழைப் பஞ்சில் வடிகட்டி மீண்டும் எடுங்கள். துகள் இல்லை என்றால் பாராகாந்த மாசு (இணையில்லாத எலக்ட்ரான் உள்ளது), அல்லது கரைப்பானும் லிகண்டும் இடம் மாற்றிக்கொள்வது. டியூட்டீரியம் ஏற்றிய டொலுயீனில் வெப்பநிலையை இறக்கினால் இரண்டாவதில் கோடுகள் பிரிந்து கூர்மையாகும்.

கரையவில்லை, ஆனால் அதுவே சரி

எல்லாம் கரைய வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் 1984 முதல் புரொப்பீனைப் பியூட்டனல் என்ற ஆல்டிஹைடாக மாற்றும், ரூர்கெமி, ரோன்-பூலாங்க் என்ற இரு நிறுவனங்களின் முறை நடக்கிறது. அதில் ரோடியத்தின் பாஸ்பீனில் மூன்று சல்ஃபோனேட்டுகள் இருக்கின்றன. அந்தப் பாஸ்பீன் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையும், கரிம அடுக்கில் கரையாது. பியூட்டனல் மேலே மிதக்கிறது, விலை உயர்ந்த ரோடியம் கீழே தண்ணீரிலேயே தங்குகிறது. பிரிப்பதற்கு வேறு எதுவும் தேவையில்லை. யாரோ ஒருவர் கரையாமையைக் கோளாறாகப் பார்க்காமல் கருவியாகப் பார்த்ததால் வந்தது அது.

சின்ன அளவில் உங்கள் குடுவையிலும் இதைப் பார்க்கலாம். ஷ்வார்ட்ஸ் வினைபொருள், அதாவது சிர்கோனோசீன் ஹைட்ரைடு குளோரைடு, வெள்ளைப் பொடி. ஹைட்ரைடு பாலங்களால் கோக்கப்பட்டது, டிஎச்எஃபில் கரையாது. கரைக்க முயல வேண்டாம், சூடாக்க வேண்டாம், வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டுச் சுழல விடுங்கள். ஆல்கீனோ ஆல்கைனோ சேரச் சேர, புதிதாக உருவாகும் ஆல்கைல் அல்லது ஆல்கீனைல் சிர்கோனியம் கரைசலுக்குள் போகும். தாளை லேசாக விலக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெண்மேகம் மெலிந்துகொண்டே வந்து, குடுவை தெளிந்த மஞ்சளாக நின்றதும் வினை முடிந்தது. அடுத்த வினைபொருளைச் சேர்க்கலாம்.